எட்டாவது அடி

"அம்மா, கீழ்வீட்டுக்காரர் மறுபடியும் வந்து நிக்கிறார்!"

கதவிடுக்கில் பார்த்துவிட்டு மகள் கிசுகிசுத்தாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கும்மியடித்துக்கொண்டிருந்த தையற்காரம்மா, தூக்கிய கையோடு அப்படியே நின்றாள்.

"இன்னைக்கு என்னவாம்? பூனை நடக்கிற சத்தம்கூடக் கேட்டிருக்காதே!"

பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். மெஷினை விட்டு எழுந்திருக்காமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்ததில் பிரஷர் நூற்றெழுபதைத் தாண்டி, ஒருநாள் கத்தரிக்கோலும் கையுமாக மயங்கி விழுந்தாள். அன்றைக்குப் போன உயிர் மகளுக்கு இன்னும் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது.

"மாத்திரையை விடாதீங்க. கூடவே உடம்பும் அசையணும்" என்றார் டாக்டர். நடக்கப் போனால், தைக்கக் கொடுத்தவர்கள் தெருவிலேயே மடக்கிக்கொண்டார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் ஆடிய கும்மியைத் தூசி தட்டி எடுத்தாள். ஆறு நாற்காலிகள்தான் கூட்டாளிகள். சாயங்காலம் ஆறு மணிக்கு, அரை மணி நேரம், ஒருநாள் விடாமல். நாலே மாதத்தில் நூற்று முப்பது! ஐம்பத்திரண்டு வயதில் காலும் கையும் சேர்ந்து சுழல்கிற அழகை மகள் வாய் பிளந்து பார்ப்பாள். நாமாக இருந்தால் நாலாம் நாளே முட்டி வலி என்று உட்கார்ந்திருப்போம்.

ஒரே இடைஞ்சல் இந்தக் கீழ்வீட்டுக்காரர். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

முதல்முறை வந்தபோது, "மேல என்னம்மா இடி இடிக்குது?" என்றார்.

"கும்மி சார். ஆட ஆரம்பிச்சதுல இருந்து பிரஷர் நல்லாக் குறைஞ்சிருக்கு."

"கும்மியா? எத்தனை அடி?"

"எட்டு."

விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "எட்டுன்னு சொன்னீங்க. ஏழுதான் கேக்குது!"

"எட்டாவதுல திரும்பணும் சார். கால் மெதுவாத்தான் விழும்" என்று ஆடியே காட்டினாள். அவள் பாதத்தையே முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஒவ்வொரு அடியா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கார்மா. வேற வேலையே இல்லையா இவருக்கு?" என்றாள் மகள்.

போன வாரமும் விடவில்லை. "ஆறு மணின்னா ஆறு மணி. நேத்து ஆறேகாலுக்கு ஆரம்பிச்சா என்ன அர்த்தம்?" கோபமோ என்னவோ, அவருக்கு மூச்சு வாங்கியது.

மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "வீட்டு ஓனர்கிட்ட சொல்லி நம்மளைக் காலி பண்ண வெச்சிடுவார்மா. அவருக்குப் பயந்து நீ ஆட்டத்தை நிறுத்தினா மறுபடி ஏறிடும். நான் என்ன பண்ணுவேன்?"

"அழாதடி. வீடும் போகக் கூடாது, ஆட்டமும் நிக்கக் கூடாது. துணியோட குடித்தனம் பண்றவளுக்கு வழியா இல்ல?"

மூட்டை கட்டி வைத்திருந்த வெட்டுத்துணிகளை அள்ளினாள். பத்து அடுக்கு வைத்து, மேசையைச் சுற்றி வளையமாக விரிக்கிற மாதிரி ஒரு மெத்தையே தைத்துவிட்டாள். மூன்று நாளாக அதன் மேல்தான் ஆட்டம். சத்தம் மூச்சுக்கூட விடவில்லை.

இப்போது கதவைத் திறந்தாள். இன்று அவரிடம் வியர்வை இல்லை, மூச்சிரைப்பும் இல்லை. முகம்தான் வாடியிருந்தது.

"ஏம்மா, ஆட்டத்தை நிறுத்திட்டீங்களா?"

"இல்ல சார். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு மெத்தை தைச்சுப் போட்டேன். இதோ பாருங்க."

மெத்தையை வெறித்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். ஓனருக்கு எழுதிய புகார்தான் என்று நினைத்தாள் மகள். தையற்காரம்மா வாங்கிப் பிரித்தாள். டாக்டர் சீட்டு. மேலே பிரஷர் நூற்று எண்பது என்று இருந்தது. கீழே, போன வாரத் தேதியில், நூற்று முப்பத்தாறு.

"இது யாரோடது சார்?"

"என்னோடதுதான். அந்த மெத்தையை முதல்ல எடுத்துடுங்கம்மா" என்றார் கார்டு, தலையைச் சொறிந்தபடி. "உங்க காலடியைக் கேட்டுத்தான் கீழ நானும் எங்க வீட்டம்மாவும் ஆடிக்கிட்டு இருந்தோம். மூணு நாளா ரெண்டு பேரும் கையைத் தூக்கிக்கிட்டு, மேல பார்த்துக்கிட்டே நிக்கிறோம்!"