மறுபடி தட்டுங்க

அன்று மதியத்துக்குள் அவன் மனைவி பதினோரு முறை இறந்துவிட்டாள்.

பதினோராவதாக வந்து சொன்ன கேடட்டுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. சொல்லி முடித்த கையோடு ஒரு சல்யூட் அடித்துவிட்டு, "சார், பாஸா?" என்றான்.

"பொண்டாட்டி செத்தவன்கிட்ட கேக்கற கேள்வியாடா இது?"

உள் அறைத் திரைக்குப் பின்னால், பரீட்சை நடத்தும் மேஜர் சிரிப்பது கேட்டது.

கல்லூரியில் பட்டப்படிப்போடு ராணுவப் பயிற்சியும் முடித்தவர்களுக்கு இதுதான் கடைசிப் பரீட்சை. வளாகத்தின் கோடியில் காலியாகக் கிடந்த ஒரு குடியிருப்பில் அவன் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டி, எல்லையில் அவன் மனைவி இறந்த செய்தியைச் சொல்ல வேண்டும். தேறினால் நாளைக் காலை தோளில் நட்சத்திரம் ஏறும். தேறாவிட்டால் இன்னொரு வருடம்.

சுற்றி வளைக்கக் கூடாது. பணி எண்ணைச் சொல்ல வேண்டும். பரீட்சைக்கென்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஒரு பொய் எண்ணை வைத்திருந்தார்கள். 'இறந்துட்டாங்க' என்ற சொல் வாயிலிருந்து வந்தே ஆக வேண்டும். தப்பு செய்தால் ஒரே ஒரு தடவை வெளியே போய் மறுபடி தட்டலாம்.

நான்காவதாக வந்த பெண் சறுக்கியது அந்தச் சொல்லில்தான்.

"சார், உங்க மனைவி தவறிட்டாங்க."

"எங்க தவறினாங்க? தேடிட்டு இருக்கீங்களா?"

"இல்ல சார்... அவங்க இப்ப நம்மகூட இல்ல."

"அதான் தெரியுமேம்மா. எல்லையில இருக்கா. எப்ப வருவா?"

"வெளிய போய் மறுபடி தட்டுங்க" என்றான். இரண்டாம் முறை சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

இந்த நாற்காலியில் அவனைப் பிடித்து உட்கார வைத்ததே அவன் மனைவிதான். இதே கல்லூரியில் படித்து, இதே கதவைத் தட்டித் தேறியவள். இப்போது கேப்டன். போன மாதம் விடுப்பு முடிந்து கிளம்பும்போது, அவளுடைய இரும்புப் பெட்டியில் பணி எண்ணை வெள்ளைப் பெயிண்டால் அவன்தான் எழுதிக் கொடுத்தான். கடைசி இரண்டு ஏழும் வழிந்து வால் முளைத்துவிட்டன.

"ஒரு நம்பர் எழுதத் துப்பில்ல. நீ போய் என் காலேஜ் பசங்களுக்கு மார்க் போடப்போறியா?"

"உன்னைச் சாகடிக்கறதுக்கு மத்தியானச் சாப்பாடும் போடறாங்களாம்."

"அப்ப ஒழுங்கா அழு. ஓசிச் சோறு செரிக்காது."

மழை பிடித்துக்கொண்டது. உள்ளே மேஜரின் போன் அடித்தது. இரண்டு "ம்" மட்டும் கேட்டது. பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஆபீஸ்ல உடனே வரச் சொல்றாங்க. பன்னிரண்டாவது ஆள் இன்னும் வரல. வந்தா நீங்களே மார்க் போட்டு வைங்க."

கால் மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. நிதானமாக.

மழைக்கோட்டு போட்ட பெண். மார்பில் குத்தியிருக்க வேண்டிய வரிசை எண் சீட்டைக் கோட்டு மறைத்திருந்தது. மற்றவர்களைவிட நாலைந்து வயது கூடத் தெரிந்தாள். வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"உள்ள வரலாமா சார்?" அனுமதி கேட்டாள். ஒரு மார்க்.

"நீங்க உக்காருங்க சார்." இன்னொரு மார்க்.

அவள் உட்காரவில்லை. நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

"இன்னைக்கு விடியற்காலையில எல்லையில உங்க மனைவி இறந்துட்டாங்க. பணி எண் நாலு, பூஜ்யம், ஒன்பது, ஏழு, ஏழு."

சொல் சரி. எண்தான் தப்பு. மார்க் சீட்டில் பேனா பாதியில் நின்றது. வால் முளைத்த இரண்டு ஏழும் கண்முன் வந்தன.

"இந்த நம்பரை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" அவன் எழுந்துவிட்டான். "மேஜர் வேலையா? விளையாட்டுக்கும் ஒரு அளவு வேணாமா? பரீட்சைக்குக் கொடுத்த நம்பரைச் சொல்லுங்க."

அவள் அதே எண்ணைத்தான் மறுபடி சொன்னாள்.

"சரி, வெளிய போங்க. போய் மறுபடி தட்டுங்க."

அவள் நகரவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், வாசல் படிக்குக் கீழே, மேஜர் மழையில் நின்றிருந்தார். தொப்பி தலையில் இல்லை, கையில் இருந்தது.

"தட்டுங்கன்னு சொல்றேன்ல!"

கதவு தட்டப்பட்டது.

மேஜர் கை நீட்டித் தடுப்பதற்குள் படியேறி வந்துவிட்டிருந்தான் ஒரு கேடட். முழங்கால்வரை சேறு. மார்பில் நனைந்து தொங்கும் வரிசை எண் சீட்டு. திறந்து கிடந்த கதவில் விரலை வைத்தபடி மூச்சிரைத்தான்.

"சாரி சார், சைக்கிள் பஞ்சர்... நான்தான் பன்னிரண்டாவது ஆள்."