ஒசாகா சமையல்காரர்

எண்பத்தொன்பதாம் வருஷம், புது மெஷினைப் பழகிவர மில் செலவில் ஜப்பான் போனார் ஃபோர்மேன் சுயம்புலிங்கம். இராஜபாளையம் திரும்பி நாலு நாளாகியும் ஒசாகாவில் சாப்பிட்ட ஓட்டல் அவர் மனசை விட்டுப் போகவில்லை.

“ஏட்டி வேலுத்தாயி, அங்க மேசையே பெரிய இரும்புக்கல்லுதான். நாங்க சுத்தி உக்காந்திருக்கோம். சமையல்காரரு எதிர்ல நின்னு எறால், கறின்னு சுடச்சுட வதக்கி அவங்கவங்க தட்டுல வைக்காரு.”

“ருசியா இருந்துச்சா?” என்றாள் மனைவி.

“ருசிக்கென்ன? எனக்குத்தான் தொண்டையில எறங்கல. அந்த மனுசன் அனல்ல வேர்த்து ஊத்த நிக்காரு, நாம மட்டும் திங்கோமேன்னு மனசு குத்திக்கிட்டே இருந்துச்சு. பொறுக்கமாட்டாம, ‘நீங்க சாப்பிட்டீயளா’ன்னு சைகையில கேட்டுட்டேன்.”

“கேட்டீயளாக்கும்?”

“கேக்காம? குனிஞ்சு கும்பிட்டாரு பாரு, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.”

வேலுத்தாய் முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கல்லில் வெந்த தோசையை எடுத்து அவர் தட்டில் போட்டாள். அது ஒன்பதாவது.

“இன்னும் ஒண்ணு, முறுகலா ஊத்து.”

“மாவு தீந்துருச்சு” என்று ஸ்டவ்வை அணைத்தாள்.

சுயம்புலிங்கத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஜப்பானில் சைகையிலேயே கேட்ட அந்தக் கேள்வி, சொந்தப் பாஷையில் அவர் வாயைவிட்டு வரவில்லை.