பத்துக்கு எட்டு

“வலி எவ்வளவுன்னு கேட்டா, பத்துக்கு எட்டுன்னு சொல்லு. பத்துன்னா நம்ப மாட்டாங்க. அழு, ஆனா மூக்கைச் சிந்தாதே!”

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கைக்கு ஒத்திகை நடத்தினான் நாடக நடிகனான அண்ணன்.

“மாட்டிக்கிட்டா மானம் போயிடும்ணா!”

ஆனால் உள்ளே போனதும் வெளுத்து வாங்கிவிட்டாள். டாக்டரே உச்சுக்கொட்டினார்.

“போன மாசம் சிரிச்சுக்கிட்டே வந்து வலிக்குதுன்னீங்க. நடிப்புன்னு திருப்பி அனுப்பிட்டேன். இன்னைக்குத்தான் நிஜ வலி தெரியுது!”

அவள் நீட்டிய எக்ஸ்ரே உறையைப் பிரிக்காமலே வீரியமான மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வழக்கம்போலச் சிரித்தாள்.

அண்ணன் பதறினான். “சிரிக்காதடி! டாக்டர் ஜன்னல் வழியாப் பார்த்துட்டா சீட்டைப் பிடுங்கிடுவார். உடைஞ்ச முதுகெலும்போட ஆறு வருஷமா சிரிச்சே சமாளிச்சது போதும். வாசலைத் தாண்டுற வரைக்கும் அழு!”