கொம்பில் சிவப்புச் சாயம்

ஊருக்குப் பக்கத்தில் ராணுவ முகாம் வந்ததிலிருந்து புள்ளிக் கோழிக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலியோரமெல்லாம் சப்பாத்தித் துண்டுகள். பருந்துக்குத் தப்பிய அவளுடைய ஒற்றைக் குஞ்சு மளமளவென்று கொழுத்து வளர்ந்தது.

அன்று வெள்ளாடு துள்ளிக்கொண்டு வந்தது.

“அக்கா, சங்கதி தெரியுமா? முகாம் வந்த பிறகு என் விலை ரெண்டு மடங்காம்! சமையல்காரரே நேர்ல வந்து, அத்தனை ஆட்டுலயும் என் கொம்புக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசிட்டுப் போயிருக்காரு. நாளைக்கு அங்கே விருந்தாம். என்னைக் கூட்டிட்டுப் போக வண்டியே வருது!”

“அடேயப்பா, உன் யோகமே யோகம் தம்பி!” என்று சிறகடித்த புள்ளி, சட்டென்று சிறகை மடக்கினாள்.

காலடியில் குஞ்சு குதித்தது. “அம்மா, அம்மா, எனக்கு எப்போ சாயம் பூசுவாங்க?”

புள்ளி அதன் அலகிலிருந்த சப்பாத்தியைத் தட்டிவிட்டாள்.