பானட்டுக்குள்ளே

முதலில் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். அதற்குப் பிறகுதான் கார் மெக்கானிக் ட்ராயைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் என் மனுஷன் டெல்மர் கிடக்கிறார். அக்டோபரில் மூளையில் ரத்தம் கசிந்து பேச்சு போய்விட்டது. நாம் பேசுவதும் அவருக்குள் போவதில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். கண் மட்டும் நாள் முழுக்கக் கொல்லையில் நிற்கிற பழைய காரையே பார்க்கிறது.

எழுபதாம் வருஷத்து சேலஞ்சர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. ஒஹையோவில் பனிக்காலத்தில் ஐஸ் கரையச் சாலையில் கொட்டுகிற உப்பு தின்றது போக மிச்சம், வேலியோரம் புல்லுக்குள் நிற்கிறது.

முப்பது வருஷமாகப் பனி கரைந்ததும் எவனாவது வந்து கதவைத் தட்டுவான். காரைக் கொடுங்கள், சரிசெய்து ஓட்டுகிறேன் என்பான்.

மனுஷனிடம் ஒரே பதில்தான். "விக்கிறதுக்கில்லப்பா. நானே சரி பண்ணி ஓட்டப்போறேன்."

எங்கே சரி பண்ணினார்? ஒரு ஸ்பேனரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பானட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் பத்துப் பேர் முன்னால் வைத்து வாருவேன்.

"டெல்மர், நீ செத்தா உன்ன அதுக்குள்ளயே வெச்சுப் புதைச்சிடறேன். அப்பவாவது ஏறி உக்காருவ!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். இவ்வளவு பெரிய சோம்பேறி எனக்குப் புருஷனாக வாய்த்தது நல்லதாகப் போயிற்று என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன்.

ஏனென்றால் அந்தக் காரில் எஞ்சின் கிடையாது. தொண்ணூற்றொன்றில் நான் விற்றுவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் ஆலையில் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். இவர் வேலை தேடி டெக்ஸஸ் போயிருந்தார். வீட்டில் ஹீட்டர் செத்துப்போய், பிள்ளைகள் இரண்டும் கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்கின. காரைக் கேட்டுக் கதவைத் தட்டிய ஒருவனிடம், எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு போ என்றேன். மூன்று மாதம் கழித்து வந்தவர், ஹீட்டர் புதுசா இருக்கே என்றார். சர்ச்சிலிருந்து கொடுத்தார்கள் என்று கூசாமல் சொன்னேன். "நல்ல மனுஷங்க" என்றார். அதோடு சரி.

இப்போது அவருக்கு மிஞ்சிப்போனால் இரண்டு மாதம். அதற்குள் அந்தக் காரை ஒருமுறை ஓடவைத்து அவர் கண்ணில் காட்டிவிட வேண்டும். எடுத்ததைத் திருப்பி வைத்த மாதிரி ஆகும். ட்ராயிடம் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதே மாதிரி எஞ்சின் ஒன்று அவனிடம் இருக்கிறதாம். கண்ணாடி மாதிரி ஆக்க நாளாகும், ஓடவைத்து ஜன்னல் முன்னால் நிறுத்த ஆறு வாரம் போதும் என்றான். எஞ்சின் இல்லாத பானட்டை மட்டும் அவர் பார்த்துவிடக் கூடாது, அதற்குத்தான் திரை. பேச்சு புரியாது, கண்ணுக்குப் புரியும்.

துரு கடித்துக்கொண்டிருந்த பானட்டை ட்ராய் கடப்பாரையால் நெம்பினான். அது அலறிக்கொண்டு திறந்தது.

"எஞ்சின் இல்லன்னுதானே மேடம் சொன்னீங்க? உள்ள இது என்ன?"

எட்டிப் பார்த்தேன். பலகை போட்டு அதன்மேல் எட்டு மூட்டை சிமெண்ட். பேப்பர் உறையெல்லாம் எப்போதோ மக்கிப்போய், மூட்டை வடிவத்திலேயே கல்லாகியிருந்தது.

"நான் வைக்கல" என்றேன்.

ட்ராய் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். ஒரு சிரிப்பு சிரித்தான். "எஞ்சினை எடுத்துட்டா முன்பக்கம் தூக்கிக்கும் மேடம். வண்டி தெரிஞ்சவனுக்கு உள்ள எஞ்சின் இல்லன்னு ரோட்டுல இருந்தே தெரிஞ்சிடும். யாரோ கணக்கா எடை வெச்சு இறக்கியிருக்காங்க. ஆள் பெரிய கில்லாடி."

அந்த வருஷம் ஏப்ரலில், பின்வாசலுக்குப் படி கட்டப்போகிறேன் என்று மனுஷன் சிமெண்ட் வாங்கி வந்தார். நான் பள்ளிக்கூடக் கேண்டீனுக்கு வேலைக்குப் போய்விட்டு வந்தால் மூட்டைகளைக் காணோம், படியையும் காணோம். அதற்கும் நான் பேசாத பேச்சில்லை.

வந்த அன்றைக்கே பார்த்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைத் தட்டினவர்களை எல்லாம் அவர் விரட்டியது காருக்காக இல்லை. எவன் பானட்டைத் திறந்தாலும் நான் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். அதற்காக முப்பது வருஷம் சோம்பேறிப் பட்டத்தைச் சுமந்துகொண்டு, நான் கேலி பண்ணும்போது என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். பாவி, பாவி நான்.

ட்ராய் காருக்கு அடியில் போய் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தான். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"பின்னாடிகூடப் பரவால்ல மேடம். முன்னாடி எஞ்சினைத் தாங்குற சட்டம் ரெண்டும் போயிடுச்சு. சிமெண்ட் ஈரத்தை இழுத்து இழுத்து வெச்சு அப்படியே அரிச்சிருக்கு. அது மட்டும் இல்லாம இருந்தா ஓடவெச்சிருப்பேன். இனிமே இது ஓடாது."

அவனை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். கட்டிலோரம் முட்டிபோட்டு அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"டெல்மர், எஞ்சினை வித்தது நான்தான்."

என் முகத்தையே பார்த்தார்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது, டெல்மர். இன்னைக்குத்தான் பார்த்தேன். கேக்குதா?"

நான் சூப் ஊட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்து, வாயைத் திறந்தார்.