போன வருடத்து வீடு

"அக்கா, போன வருஷத்து பேக்கப்தான் கிடைச்சுது. அதைப் போட்டா, அப்புறம் வீடு கத்துக்கிட்டதெல்லாம் மறந்துடும். பரவாயில்லையா?" என்று வீட்டுக் கணினியைச் சரிசெய்ய வந்த பொற்கொடி கேட்டாள்.

"பெருசா என்னத்தக் கத்துக்கிட்டுது, போடும்மா" என்றாள் ஜெபராணி. சில மாதங்களுக்கு முன் மேல்மாடியில் இருக்கும் தங்கையோடு சண்டை போட்ட கோபத்தில், அவளுக்குத் திறக்காதே என்று கதவிடம் சொல்லிவைத்தது அவள் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் தங்கை கனி படியேறும்போது கதவு தானாகத் திறந்தது.

"வாங்க கனிம்மா, அக்கா அடுப்படியிலதான் இருக்காங்க. இஞ்சி டீ போடவா?" என்றது வீடு.

கனி திகைத்து நின்றாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அக்காவைப் பார்த்துக் கேட்டாள்: "நீ சொல்லித்தான் திறந்துச்சா?"

ஜெபராணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பின்னே? உள்ள வாடி, வீம்புக்காரி."

"வீம்பு எனக்கா? இத்தனை நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனது யாரு?" என்றபடியே கனி செருப்பைக் கழற்றினாள்.

சற்று நேரத்தில் பொற்கொடி மூச்சிரைக்க வந்தாள். போன வாரத்து பேக்கப்பே அவளுக்குக் கிடைத்துவிட்டது. கனிக்குத் திறக்காதே என்ற உத்தரவையும் அதில் பார்த்திருந்தாள்.

உள்ளே அக்காவும் தங்கையும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொற்கொடி அந்த பேக்கப் இருந்த டிஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.