சுவர் கண்டால் நிற்கும் வண்டி

கடைசிச் சக்கரத்தைக் கழற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது. பேட்டரியில் சூடு இன்னும் அடங்கவில்லை.

"சுகப்ரியா, வேன் கிளம்பணும்மா," என்றார் ரெஜினா மிஸ், மறுபடியும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுக்கொடுக்க ரெஜினா மிஸ்ஸின் குழு சென்னையிலிருந்து வந்து நடத்தும் கோடை முகாம். இன்றோடு முடிந்தது. செய்ததையெல்லாம் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் முகாமின் வழக்கம். திங்கட்கிழமை இதே பெட்டியை வேறு ஊரில், வேறு பள்ளியில் திறப்பார்கள்.

குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது.

விருந்தினர் முன்னால் ஓட்டிக் காட்டியபோது மற்றப் பிள்ளைகளின் ரோபோ வண்டிகள் சுவரில் போய் முட்டிக்கொண்டு உறுமின. இவளுடையது மட்டும் ஒரு சாண் முன்னாலேயே நின்றது. கொஞ்சம் யோசித்தது. வலப்பக்கம் திரும்பியது. அங்கேயும் அடைப்பு என்றால் இடப்பக்கம். சிறப்பு விருந்தினராக வந்தவர் காலை நீட்டி மறித்துப் பார்த்தார். ஏமாறுமா அது? சுற்றிக்கொண்டு போய்விட்டது. கைதட்டு என்றால் அப்படி ஒரு கைதட்டு.

போனில் படம் எடுத்தவர்கள் எல்லோரும் விருந்தினரைத்தான் எடுத்தார்கள். அவர் செருப்புக்குப் பக்கத்தில் வண்டி பாதி தெரிந்தால் உண்டு.

பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை.

அப்பா வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். பத்தாவது முடித்த கையோடு இவளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்ப அத்தை ஏற்பாடு செய்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் கூட்டிப்போக ஆள் வரும். இவள் அழுது, சோறு தின்னாமல் கிடந்து, பாலிடெக்னிக்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்ற பிறகு அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

"அங்க போயி அப்பிடி என்னத்தத்தான் கிழிக்கிறேன்னு வந்து பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தப் 'பாத்துட்டு'வைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் ஓடியது.

மிஸ்ஸிடம் கெஞ்சி வண்டியைக் கடைசி வரை கழற்றாமல் வைத்திருந்தாள். வாசலுக்கு ஓடி ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம். விட்டு நகர்ந்தால் எவனாவது கைவைத்துக் கெடுத்துவிடுவான் என்று பக்கத்திலேயே காவல் இருந்துவிட்டாள். பாழாய்ப்போன புத்தி.

வேன் ஹாரன் அடித்தது.

கழற்றினாள்.

சக்கரங்கள் ஒரு குழியில். மோட்டார் ஒரு குழியில். கண் மாதிரி இருந்த சென்சார் ஒரு குழியில். பெட்டியை மூடியதும் அங்கே ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிட்டது.

"சூப்பரா பண்ணின. விட்டுடாத, என்ன?" ரெஜினா மிஸ் கன்னத்தைத் தட்டிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். நல்ல மனுஷிதான். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரோரம் அப்பாவின் பழைய மொபெட் நின்றது. அப்பா அதன்மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். காலடியில் பீடித் துண்டுகள். ஒன்றிரண்டு இல்லை.

"எப்பப்பா வந்தீக?"

"அப்பவே வந்துட்டேன்."

"உள்ள வர வேண்டியதுதான?"

அப்பா தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். வாழைத்தார் மண்டியில் லோடு ஏற்றுகிறவர். சட்டை முழுக்க வாழைக்கறை. எந்த சோப்புக்கும் போகாது.

"பெரிய ஆளுகள்லாம் சால்வையும் கையுமா நின்னாக. இந்தக் கோலத்துல நான் எங்கிட்டு உள்ள வர? முடிஞ்சதும் நீ எடுத்துட்டு வருவ, இங்கன வச்சு ஓட்டிப் பாத்துக்கிருவம்னு இருந்தேன். எங்க அது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து முழுங்கினாள்.

"கழட்டி வாங்கிக்கிட்டாகப்பா."

"கழட்டியா?" அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "அடப்பாவிகளா."

அவள் பையை மொபெட்டில் மாட்டினாள். காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நடந்தாள். ஒரு சாண் இருக்கும்போது நின்றாள்.

"இப்பிடி நிக்கும்ப்பா."

வலப்பக்கம் திரும்பினாள். மொபெட்.

இடப்பக்கம் திரும்பினாள். கரண்ட் கம்பம்.

பின்னால் அப்பா.

மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பி, அப்படியே நின்றாள்.

அப்பா சிரித்தார். "நம்ம வீட்டு ஆடுகூட இதச் செய்யுமே ஆத்தா."

அவள் நகரவில்லை. அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன் நின்னுட்ட?"

"நாலு பக்கமும் அடைச்சிருந்தா நின்னுரும். செவப்பு லைட்டு மட்டும் எரியும்."

"அப்புறம் எப்பிடித்தான் வெளிய வரும்?"

"யாராவது தூக்கி வேற பக்கம் வைக்கணும்."

 அப்பா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாளெல்லாம் தார் தூக்கிக் காய்த்துப்போன கைகள்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சாமி, சாமி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மொபெட் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

"ஏறு ஆத்தா," என்றார் அப்பா. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கடை அடைக்கிறதுக்குள்ள போகணும். திங்கக்கெழமைக்குப் பெரிய பை ஒண்ணு வேணும்னு அத்த சொன்னா."

அவள் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தாள்.